பற்றரி மாற்றக் கொடுத்தேன், தம்பியின் விளையாட்டு அழிந்துபோனது

கடந்த வருடம் கொக்கட்டிச்சோலையில் அம்மம்மாவின் பழைய வீட்டை இடிக்கத் தொடங்கியபோது மச்சான் ஒரு பிஸ்கட் ரின்னைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். “மச்சாள், இது உங்கட சாமான்” என்றார். திறந்து பார்த்தால் கையில் பிடித்து விளையாடும் ஊதா நிறக் கேம்போய் கலர் கருவி ஒன்றும், அதில் போட்டு விளையாடும் சிவப்பு நிறப் போக்கிமான் கேசற் ஒன்றும் இருந்தன. இருபது வருடமாக அது அங்கே இருந்தது எனக்கு நினைவே இல்லை. அன்று இரவு கல்லடிக்கு பஸ்ஸில் திரும்பும்போது அந்த ரின்னை மடியில் வைத்துக்கொண்டு குழந்தைபோல் சந்தோஷமாக வந்தேன். அடுத்த மூன்று மாதத்தில் 35,300 ரூபாய் செலவழித்து, அதில் 13,000 ரூபாயை வீணாக்கி, காசால் வாங்க முடியாத ஒன்றையும் இழப்பேன் என்று அப்போது தெரியாது. இதையெல்லாம் முன்கூட்டி ஒருவர் சொல்லியிருந்தால் அந்த இழப்பு நடந்திருக்காது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ரின் கிடக்கலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தக் கேம்போய் எங்களிடம் வந்தது 2000ஆம் ஆண்டில். லண்டனில் இருக்கும் மாமா ஊருக்கு வந்தபோது இரண்டு கொண்டுவந்தார். சிவப்புக் கேசற் எனக்கும் தம்பிக்கும், நீலக் கேசற் மச்சானுக்கு. நான் கொஞ்சநாள் விளையாடி விட்டுவிட்டேன். தம்பி விடவில்லை. கேம்போய் கலருக்கு இரண்டு பென்ரோச் பற்றரி வேண்டும். எங்களுக்கு டவுனில் வாங்கலாம். ஆனால் மச்சான் இருந்தது மட்டக்களப்பு வாவிக்கு அக்கரையான படுவான்கரையில். சண்டைக்காலத்தில் பற்றரி அங்கே கொண்டுபோகக் கூடாத பொருள். அவர் தீர்ந்த பற்றரியை வெயிலில் காயவைத்துக் காயவைத்துப் பத்துப் பத்து நிமிடமாக விளையாடுவாராம். 2002இல் சமாதானம் வந்து பாதை திறந்த பிறகுதான் தம்பி ஒரு பெட்டி பற்றரியோடு மண்முனைத்துறையில் படகு ஏறி அம்மம்மா வீட்டுக்குப் போனான். இப்போது அங்கே பாலம் இருக்கிறது, அப்போது படகுதான். போனது அம்மம்மாவைப் பார்க்க என்று அம்மா நினைத்தார். அவன் போனது ஹோண்டர் என்ற பேயைக் கெங்கர் ஆக்க.

போக்கிமான் விளையாடாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதல் விளையாட்டில் 151 உயிரிகள் உண்டு. ஒரே கேசற்றை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பிடிக்க முடியாது. சிவப்பில் எகான்ஸ் என்ற பாம்பு வரும், நீலத்தில் வராது. நீலத்தில் சாண்ட்ஷ்ரூ வரும், சிவப்பில் வராது. ஹோண்டர், கடாப்ரா போன்ற நான்கு உயிரிகள் இன்னொருவரின் கேசற்றுக்குப் போனால்தான் அடுத்த உருவம் எடுக்கும். இரண்டு கேம்போய்களையும் ஒரு சிறு வயரால் இணைத்து மாற்றிக்கொள்ள வேண்டும். இதை உருவாக்கிய சடோஷி தஜிரி சின்ன வயதில் தோக்கியோவின் புறநகரான மச்சிடா என்ற இடத்தில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். கேம்போய்களை இணைக்கும் வயரைப் பார்த்தபோது அதன் வழியே பூச்சிகள் ஊர்ந்து மறுபக்கம் போவதுபோல் அவருக்குத் தோன்றியதாம். விளையாட்டின் தொடக்கம் அந்தக் கற்பனைதான். இதைப் படித்தபோது நெருப்புப் பெட்டிக்குள் பொன்வண்டை வைத்து இலை போட்டு வளர்த்த எங்கள் மூன்று பேரையும்தான் நினைத்தேன். ஜப்பானில் ஒருவர் அதை வயருக்குள் விட்டார், தம்பி அந்த வயரைக் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாவியைக் கடந்தான்.

2004 டிசம்பர் விடுமுறைக்கும் நாங்கள் அம்மம்மா வீட்டில்தான் இருந்தோம். அதனால் உயிரோடு இருக்கிறோம். கல்லடியில் கடற்கரைப் பக்கம் இருந்த எங்கள் வீட்டில் சுனாமிக்குப் பிறகு சுவர் ஒன்றைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. கல்யாண அல்பம், எங்கள் ரிப்போர்ட் புத்தகங்கள், அப்பாவின் கையெழுத்துள்ள ஒரு கடதாசி, எதுவும் இல்லை. அதற்குப் பிறகு யாருக்கும் விளையாட மனமில்லை. ரின் அங்கேயே கிடந்துவிட்டது.

சரி, கதைக்கு வருகிறேன். முதலில் செய்தது பற்றரி மூடியைத் திறந்தது. உள்ளே பற்றரிகள் கசிந்து, கம்பிச் சுருள்களில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. இங்கே நான் செய்தது சரி என்று பிறகு தெரிந்தது. வெள்ளை வினாகிரியைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைத்தேன், பிறகு ஐசோபுரோப்பைல் அல்கஹோலால் இன்னொரு தடவை துடைத்து, ஒருநாள் முழுக்கக் காயவிட்டேன். அல்கஹோல், குச்சி, புதிய பற்றரி எல்லாமாக 2,400 ரூபாய் ஆனது. உங்களிடம் பழைய விளையாட்டுப் பொருள் எது இருந்தாலும் இன்றைக்கே அதன் பற்றரியைக் கழற்றிவிடுங்கள். இன்னும் பத்து வருடம் சும்மா கிடக்கப்போகிறது என்றாலும் அது வெறும் வயிற்றோடு கிடக்கட்டும்.

பட்டனைத் தள்ளினேன். கேம்போய் என்ற எழுத்துகள் நிறம் நிறமாக வந்தன. அதற்குக் கீழே, அதைச் செய்த கம்பனியான நின்டெண்டோவின் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு கறுப்புக் கட்டி வந்து அப்படியே நின்றது. பத்துத் தடவை போட்டு எடுத்தேன், அதே கட்டி. கேசற் செத்துவிட்டது என்று நினைத்து அழுகை வந்தது. அது தேவையில்லாத அழுகை. அந்தப் பெயர் கருவிக்குள் இருந்து வருவதில்லை, ஒவ்வொரு தடவையும் கேசற்றில் இருந்து வாசிக்கப்படுகிறது. கருவி தன்னிடம் உள்ள பிரதியோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தாவிட்டால் மேலே போகாது. அனுமதியில்லாமல் கேசற் செய்பவர்களைத் தடுக்க வைத்த ஏற்பாடு. நமக்கு அது ஒரு வைத்தியர் மாதிரி: கறுப்புக் கட்டி வந்தால் கேசற்றின் வாய் அழுக்கு என்று பொருள். கல்லடி மாதிரி உப்புக்காற்று அடிக்கும் இடத்தில் இது இன்னும் அதிகம். சின்ன வயதில் செய்ததுபோல் வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் பட்டால் செம்பு இன்னும் கறுக்கும். அல்கஹோல் தொட்ட பஞ்சால் தங்க நிறப் பற்களை மேலும் கீழுமாகத் துடையுங்கள். என் பஞ்சு மூன்று தடவை கறுப்பாக வந்தது, நான்காவது வெள்ளையாக வந்தது. போட்டேன், பெயர் வந்தது, அந்தப் பழைய ‘டிங்’ சத்தமும் வந்தது.

பிறகு ‘தொடர்க’ என்ற வரியை அழுத்தினேன். ஒரு சின்னப் பெட்டி விரிந்தது. அதில் தம்பியின் பெயர். பெயருக்கு ஏழு எழுத்துக்கு மேல் அந்த விளையாட்டு இடம் தராது. அவன் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் பதினொரு எழுத்து, ஆகவே பெயர் பாதியில் வெட்டுப்பட்டு நின்றது. வீட்டில் அவனைக் கோபமூட்ட நாங்கள் அந்த வெட்டுப்பட்ட பெயரைத்தான் சொல்லிக் கூப்பிடுவோம். கீழே, வென்ற சின்னங்களான பட்ஜ் 8. போக்கெடெக்ஸ் 143, அதாவது அவன் சேர்த்த உயிரிகளின் எண்ணிக்கை. நேரம் 187 மணி 22 நிமிடம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் வாழ்க்கையில் 187 மணித்தியாலம் இதற்குள் இருந்திருக்கிறான். கடல் கொண்டுபோகாமல் விட்ட ஒரே பதிவு அது. நான் அந்தப் பெட்டியைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. ஒரு போட்டோ எடுக்கவில்லை. இதைத்தான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை. போன் பக்கத்தில்தான் கிடந்தது.

அன்றிரவு இணையத்தில் தேடிப் படித்தேன். கேசற்றுக்குள் விளையாடியதைப் பதிந்துவைக்கும் சில்லு, மின்சாரம் இருக்கும் வரைதான் எதையும் நினைவில் வைத்திருக்கும். கேம்போயை நிறுத்தினாலும் அது மறக்காமல் இருக்க, உள்ளே காசு மாதிரி ஒரு 3 வோல்ட் பற்றரி வைத்திருக்கிறார்கள். அந்தப் பற்றரி தீர்ந்தால் எல்லாம் போய்விடும். பிறகு வந்த கோல்ட், சில்வர் என்ற போக்கிமான் கேசற்களில் பகல் இரவு காட்டும் மணிக்கூடும் அதே பற்றரியில் ஓடுவதால் அவை முந்தியே தீர்ந்துவிடும், சிவப்பும் நீலமும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். இருபது வருடத்துக்கு மேல் ஒரு காசுப் பற்றரி தம்பியின் பெயரைப் பிடித்துவைத்திருக்கிறது என்று தெரிந்ததும் எனக்கு நெஞ்சு அடித்தது. நாளைக்கே மாற்ற வேண்டும் என்று முடிவெடுத்தேன். அந்த அவசரம்தான் பிழை. இருபது வருடம் நின்றது இன்னும் இரண்டு மாதம் நின்றிருக்கும்.

அடுத்தநாள் காலை போன் திருத்தும் கடை ஒன்றுக்குக் கொண்டுபோனேன். “அக்கா, சின்ன வேலதானே, அரைமணித்தியாலத்தில வாங்க” என்றார் கடைக்காரத் தம்பி. நல்ல மனிதர், முகம் கொடுத்துத்தான் பேசினார். கேசற்றைப் பூட்டியிருக்கும் திருகாணி வழக்கமான தலை உள்ளதல்ல, 3.8 மில்லிமீற்றர் கேம்பிட் என்ற தனி முனை வேண்டும். அவரிடம் இருக்கவில்லை, பிளாஸ்ரிக்கை நெம்பித் திறந்திருக்கிறார். ஒரு மூலை உடைந்தே வந்தது. உள்ளே பழைய பற்றரியைப் பிடுங்கி எடுத்து, புதியதில் நேரடியாக ஈயம் ஒற்றிப் பிடிக்கவைத்திருந்தார். வேலை சுத்தமாகத்தான் தெரிந்தது. 3,500 ரூபாய் கொடுத்தேன். கடை வாசலிலேயே கேம்போயில் போட்டுப் பார்த்தேன். ‘தொடர்க’ என்ற வரி இல்லை. ‘புதிய விளையாட்டு’, ‘தெரிவுகள்’, இந்த இரண்டு வரிதான். நான் அதைத் திரும்பத் திரும்ப நிறுத்திப் போட்டேன். கடைக்காரத் தம்பிக்கு என்ன பிழை நடந்தது என்றே விளங்கவில்லை. “விளையாட்டு வேலை செய்யுதே அக்கா” என்றார். அவருக்கு எப்படிச் சொல்வது?

இந்த இடத்தில் நிறுத்திச் சொல்கிறேன், தயவுசெய்து இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள். வேறு வழியில் மின்சாரம் கொடுக்காமல் பற்றரியைக் கழற்றினால் உள்ளே இருப்பது அழிந்துவிடும். ஈயம் எவ்வளவு சுத்தமாக வைத்தாலும் அதுதான் நடக்கும். முதலில் உள்ளே இருப்பதைக் கணினிக்குப் பிரதி எடுக்க வேண்டும், பிறகுதான் பற்றரி. ஜிபிஎக்ஸ்கார்ட், ஜிபி ஆபரேட்டர் என்று உள்ளங்கையளவுக் கருவிகள் விற்கின்றன. கேசற்றை அதில் குத்தி, யூஎஸ்பி வயரால் கணினியில் இணைத்தால் ஒரு நிமிடத்தில் பிரதி வந்துவிடும். இதற்குக் கேசற்றைத் திறக்கவே தேவையில்லை. நான் முந்தின இரவு படித்த பக்கங்களிலும் இது இருந்திருக்கும், பதற்றத்தில் கண்ணில் படவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு கிழமை தம்பியிடம் சொல்லவில்லை. அவன் டோஹாவில் வேலை செய்கிறான், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எடுப்பான். கேம்போய் கிடைத்தது என்று மட்டும் சொல்லியிருந்தேன், அவன் சந்தோஷத்தில் “சேவ் இருக்காக்கா?” என்று கேட்டபோது “இன்னும் பார்க்கல்ல” என்று பொய் சொன்னேன். நான் அவனுக்குச் சொன்ன பொய்கள் குறைவு, அதனால் அது குத்திக்கொண்டே இருந்தது. அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் அடுத்த முட்டாள்தனமும் நடந்தது. எல்லாவற்றையும் முதலிலிருந்து விளையாடி அந்த 143ஐயும் திரும்பப் பிடித்துக் கொடுக்கலாம் என்று எண்ணி, உடைந்த கேசற்றைத் தொடப் பயந்து, இணையத்தில் விளம்பரம் பார்த்து இன்னொரு சிவப்புக் கேசற் வாங்கினேன். ‘ஒரிஜினல்’ என்று போட்டு 9,500 ரூபாய். கொழும்பிலிருந்து கொரியரில் வந்தது. நான்கு நாள் விளையாடி முதல் இரண்டு பட்ஜ் எடுத்தேன். ஐந்தாம் நாள் போட்டால் ஒன்றும் இல்லை. போலி.

போலியைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை, தெரிந்திருந்தால். ஒரிஜினலின் முகப்புப் படத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், தாளில் இரண்டு இலக்கம் அழுத்திப் பதித்த தடம் தெரியும், சிலவற்றில் ஒரு எழுத்தும் சேர்ந்து இருக்கும். மேலே பிளாஸ்ரிக்கில் நின்டெண்டோ கேம் போய் என்ற எழுத்து வடிவாகச் செதுக்கியிருக்கும். கீழ் வாயின் வழியே உள்ளே எட்டிப் பார்த்தால், பற்களுக்கு மேலே பலகையில் கம்பனியின் பெயர் அச்சிட்டிருக்கும். திறந்து பார்த்தால், ஒரிஜினலில் சதுரச் சதுரமான சில்லுகள், போலியில் பெரும்பாலும் தார் சொட்டியதுபோல் ஒரு கறுப்புத் துளி. விற்பவரிடம் முகப்பையும் அடிவாயையும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பாவிட்டால் வாங்காதீர்கள். நான் கேட்டதெல்லாம் “வேலை செய்யுமா?” என்ற ஒரு கேள்வி மட்டும்தான்.

நித்திரை வராத அந்த நாட்களில் இந்த விளையாட்டு எப்படி உருவானது என்று படித்துக்கொண்டே இருந்தேன். அதில் ஒன்று என்னை நிறையத் தேற்றியது. இதை முடிக்க ஆறு வருடமானது, ஜப்பானில் 1996 பெப்ரவரி 27இல்தான் வெளிவந்தது. நான்காவது வருடமளவில், எல்லாத் தரவும் இருந்த கணினி ஒருநாள் செயலிழந்துவிட்டதாம். பாத்திரங்கள், உயிரிகள், எல்லாம் அதற்குள். இசையமைப்பாளரும் நிரல் எழுதுபவருமான ஜுனிச்சி மசுதா, அங்கே கேட்டு இங்கே கேட்டு, புத்தகம் புரட்டி, எப்படியோ மீட்டெடுத்திருக்கிறார். அந்த விளையாட்டை உருவாக்கியதிலேயே மிகப் பதற்றமான நேரம் அது என்ற மாதிரி பின்னாளில் சொல்லியிருக்கிறார். அது மீளாமல் போயிருந்தால் பிக்காச்சு என்ற பெயரே உலகத்தில் இருந்திருக்காது. இவ்வளவு பெரிய விஷயம் ஒரு பெட்டிக்குள் ஒரே பிரதியாக இருந்திருக்கிறது. எங்கள் கேசற் மாதிரியே.

இன்னொன்று மியூ. 151ஆவது உயிரி. அது முதலில் திட்டத்தோடு வந்ததல்ல. வேலையெல்லாம் முடிந்து, பிழை பார்ப்பதற்காக வைத்திருந்த பகுதிகளை நீக்கியபோது கேசற்றில் சுமார் 300 பைட் இடம் மிஞ்சியது. ஷிகெகி மொரிமோட்டோ என்ற நிரலாளர் அந்த மூலையில் மியூவைப் போட்டுவிட்டார். பிழை பார்த்து முடிந்த பிறகு எதையும் தொடக் கூடாது என்பது அவர்களின் ஒழுங்கு. அதை மீறித்தான் செய்திருக்கிறார். பிறகு ஒரு சிறுவர் சஞ்சிகை இருபது பேருக்கு மியூ தருவதாக அறிவித்தபோது 78,000 பேர் விண்ணப்பித்தார்கள். தம்பியும் மச்சானும் மியூவைத் தேடிக் கப்பல் நிற்கும் துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள லொறியைத் தள்ளிப் பார்த்துப் பார்த்து எத்தனை பின்னேரத்தைப் போக்கினார்கள்! லொறிக்குக் கீழே மியூ இருக்கிறது என்பது உலகம் முழுக்கப் பரவிய கட்டுக்கதை. லண்டன் மாமாவின் பிள்ளைகள் கடிதத்தில் எழுதி அது கொக்கட்டிச்சோலை வரைக்கும் வந்திருந்தது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை தம்பியிடம் உண்மையைச் சொன்னேன். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அவன் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, “அழாதக்கா. மச்சான்ட நீலக் கேசற் எங்க? என்ட கெங்கர் அதுக்குள்ளதானே?” என்றான்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவன் விளக்கினான். ஒரு உயிரியை இன்னொருவருக்குக் கொடுத்தாலும், அதை முதலில் பிடித்தவரின் பெயரும் அடையாள இலக்கமும் அதோடேயே போகும். எத்தனை கேசற் மாறினாலும் அழியாது. 2002இல் படகேறிப் போன அன்று, மாற்றிய கெங்கர்களில் ஒன்றை மச்சானுக்கே விட்டுவிட்டு வந்திருக்கிறான். மச்சான் பற்றரி இல்லாமல் பட்ட பாட்டுக்குப் பரிசு என்று நினைத்தானாம். எனக்கு அது அன்றைக்குத் தெரியாது.

அன்றே மச்சானுக்கு எடுத்தேன். அவருடைய கேம்போய் எப்போதோ உடைந்துவிட்டது, கேசற் தையல் மெசின் லாச்சிக்குள் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை பாலத்தால் போய் வாங்கி வந்தேன். இந்த முறை அவசரப்படவில்லை. வாயை மட்டும் துடைத்து, ஒரே ஒரு தடவை போட்டு, மச்சானின் பெயர் வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. உடனே போனால் படமெடுத்தேன். கணினியில் கெங்கரைத் தேடினேன், அதாவது விளையாட்டுக்குள் உயிரிகளைச் சேமிக்கும் அந்தக் கணினியில். பன்னிரண்டு பெட்டி. ஏழாவது பெட்டியில் இருந்தது. அதன் விவரத்தைத் திறந்தால், முதல் பக்கத்திலேயே உரிமையாளர் என்ற வரிக்குக் கீழே அந்த வெட்டுப்பட்ட ஏழு எழுத்துகள். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மாவுக்கு ஆங்கில எழுத்து கொஞ்சம்தான் தெரியும், விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு வாசித்து, “என்ட மகன்ட பேர்தானே இது” என்றார்.

கேம்போயை நிறுத்தி, கேசற்றைப் பஞ்சில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தேன். வாசிக்கும் கருவியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். அனுப்பும் செலவும் வரியும் சேர்த்து 16,800 ரூபாய், ஏழு கிழமை. கேம்பிட் முனைக்கு 1,900. அந்த ஏழு கிழமையும் ஒருநாள்கூட அலுமாரியைத் திறக்காமல் இருந்தேன், பற்றரியை நினைத்துப் பயந்து பயந்து. ஆனால் காத்திருப்பதுதான் சரி. கருவி வந்ததும் ஃப்ளாஷ்ஜிபிஎக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டேன். இதில் ஒரு எச்சரிக்கை: பதிவைப் பிரதியெடுக்கும் பட்டனும் பதிவைத் திருப்பி எழுதும் பட்டனும் கிட்டக் கிட்ட இருக்கும். மாறி அழுத்தினால் உள்ளே இருப்பதன் மேல் வேறொன்று எழுதப்படும். நான் வாசித்து வாசித்து, இரண்டு தடவை கையை எடுத்து, மூன்றாம் தடவைதான் அழுத்தினேன். பிரதியை ஒரு தடவை எடுத்து நம்பிவிடாதீர்கள். கேசற்றைக் கழற்றி மறுபடி போட்டு இன்னொரு பிரதி எடுத்து, இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். அழுக்கு இருந்தால் வித்தியாசம் வரும். பிறகு கணினியில் ஒரு எமுலேற்றரில், அதாவது கேம்போய் மாதிரியே ஓடும் மென்பொருளில், திறந்து கண்ணால் பாருங்கள்.

திறந்து பார்த்தபோது வெற்றி பெற்றவர்களின் பட்டியல், அதாவது ஹோல் ஒஃப் ஃபேம், குழம்பிக் கிடந்தது. பிரதி பிழைத்துவிட்டதோ என்று உயிரே போனது. மச்சானைக் கேட்டால் சிரிக்கிறார். “அது நான் அப்பவே குழப்பினது மச்சாள், மிஸ்ஸிங்நோ பிடிச்சு.” விளையாட்டில் ஒரு கிழவர் உயிரி பிடிப்பது எப்படி என்று செய்து காட்டுவார். அந்த நேரத்தில் கிழவரின் பெயரைக் காட்டுவதற்காக, உங்கள் பெயரை விளையாட்டு வேறொரு இடத்தில் தற்காலிகமாக வைக்கும். அந்த இடம் காட்டு உயிரிகளின் பட்டியல் இருக்கும் இடம். உடனே சின்னபார் தீவுக்குப் பறந்துபோய்க் கிழக்குக் கரையோரமாக நீந்தினால், உங்கள் பெயரின் மூன்றாம், ஐந்தாம், ஏழாம் எழுத்துகளையே உயிரிகளாக எண்ணி விளையாட்டு அனுப்பும். அதில் இல்லாத உயிரியின் இலக்கம் அமைந்தால் வருவது மிஸ்ஸிங்நோ. அது வந்தால் பையில் ஆறாவதாக இருக்கும் பொருள் 128 கூடும், கூடவே அந்த வெற்றிப் பட்டியலும் சிதையும். ஆளுக்கு ஆள் வேறு வேறு வந்தது ஏன் என்று தம்பிக்கும் மச்சானுக்கும் அன்றைக்குப் பெரிய சண்டை. பெயர்தான் காரணம் என்று இப்போது நான் சொல்லி இரண்டு பேருக்கும் இருபது வருடச் சந்தேகம் தீர்ந்தது.

பற்றரியை மாற்றும் வேலையை இந்த முறை வீட்டிலேயே செய்தேன், ரேடியோ திருத்தும் பக்கத்து வீட்டு ஐயா ஈயம் வைத்துத் தந்தார். பழைய பற்றரியின் மேல் எழுதியிருக்கும் இலக்கத்தைப் பார்த்து அதே அளவு வாங்குங்கள். 2025 என்றால் குறுக்களவு 20 மில்லிமீற்றர், தடிப்பு 2.5. 1616 என்றால் 16ம் 1.6ம். வெறும் காசுப் பற்றரி வாங்கக் கூடாது, இரண்டு பக்கமும் தகடு ஒட்டியது என்று கேட்டு வாங்குங்கள். அந்தத் தகட்டில்தான் ஈயம் படலாம். பற்றரியின் மேல் நேரே சூடு வைத்தால் அது பழுதாகும், வெடிக்கவும் கூடும். முதல் கடையில் எனக்கு நடந்தது அந்த முறைதான் என்று அப்போதுதான் தெரிந்தது, அதனால் சிவப்புக் கேசற்றுக்கும் சேர்த்தே இரண்டு வாங்கினேன். 1,200 ரூபாய். மாற்றியதும் கேசற் வெறுமையாகத்தான் இருந்தது, எதிர்பார்த்ததுதான். கணினியில் வைத்திருந்த பிரதியை, இந்த முறை அந்த மற்றப் பட்டனை அழுத்தி, திருப்பி எழுதினேன். போட்டேன். மச்சானின் பெயர், ஏழாவது பெட்டி, கெங்கர்.

அந்தப் பிரதியின் அளவு 32 கிலோபைட். போனில் எடுக்கும் ஒரு படத்தைவிட மிகச் சிறியது. அன்று வெள்ளிக்கிழமை, தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரு மணித்தியாலத்தில் தன் போனில் எமுலேற்றரில் திறந்து, கெங்கரின் முதல் பக்கத்தைப் படமெடுத்துத் திருப்பி அனுப்பினான். மச்சானுக்கும் அனுப்பியிருக்கிறான். “இப்ப திருப்பித் தாங்க” என்று அவன் எழுத, “தரமாட்டன், பரிசு பரிசுதான்” என்று அவர் எழுதியிருந்தார்.